கண்ணாடியைக் கழற்றச் சொல்லும் காணொளிக்காரர்களுக்கு

வணக்கம்.

கண் பயிற்சி செய்தால் பவர் குறைந்துவிடும், கண்ணாடியே வேண்டாம் என்ற உங்கள் பேச்சை நம்பி ஐந்து மாதம் கண்ணாடி போடாமல் திரிந்தவன் எழுதுகிறேன். என் பவர் மைனஸ் இரண்டரை. உள்ளங்கையைத் தேய்த்துக் கண்ணைப் பொத்தினேன். கட்டைவிரலைக் கிட்டேயும் எட்டவும் நீட்டிப் பார்த்தேன். சுவரில் எழுத்துப் பலகை ஒட்டித் தினமும் வாசித்தேன். மூன்றாம் மாதம் இரண்டு வரி கூடுதலாகத் தெரிந்தபோது துள்ளிக் குதிக்காத குறைதான்.

பிறகு கண் பரிசோதனைக்குப் போனால் அதே மைனஸ் இரண்டரை. கால் பவர்கூடக் குறையவில்லை. அப்படியென்றால் அந்த இரண்டு வரி? மங்கலையே பார்த்துப் பழகிய மூளை, அதிலிருந்தே எழுத்தை ஊகிக்கக் கற்றுக்கொள்கிறது. கண்ணைச் சுருக்கினாலும் கொஞ்சம் தெளியும். மிச்சம் மனப்பாடம், ஒரே பலகையை எத்தனை நாள்தான் வாசிப்பது!

கிட்டப்பார்வை பெரும்பாலும் விழிக்கோளம் நீண்டுவிடுவதால் வருகிறது. வளர்ந்தவர் கண்ணின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலே பவர் ஏறக்குறைய இரண்டரை ஏறிவிடும். நீண்ட கண்ணை விரல் பயிற்சி சுருக்காது. கண்ணுக்கு வெளியே உள்ள தசைகள்தான் பார்வையைக் குவிக்கின்றன என்று அமெரிக்க மருத்துவர் வில்லியம் பேட்ஸ் 1920-இல் எழுதினார். குவிப்பது உள்ளிருக்கும் லென்ஸ் என்று அவருக்கு முன்பே ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கியாயிற்று. பேட்ஸின் பழைய சரக்கைத்தான் நீங்கள் 'மறைக்கப்பட்ட ரகசியம்' என்று விற்கிறீர்கள்.

சிலருக்கு உண்மையிலேயே பவர் குறைந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஓயாமல் கிட்டத்தில் பார்த்து, லென்ஸை இயக்கும் உள்தசை இறுகிப்போனால், இல்லாத கிட்டப்பார்வை இருப்பதுபோல் காட்டும். இறுக்கம் தளர்ந்தால் போய்விடும். அந்தத் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுச் சோதித்தால் இது வெளிப்பட்டுவிடும். ஆகவே எழுத்துப் பலகையைக் காட்டாதீர்கள். சொட்டு விட்டு அளந்த பவரையும் விழிக்கோளத்தின் நீளத்தையும், பயிற்சிக்கு முன்பும் பின்பும் காட்டுங்கள். சூரியனை நேராகப் பார்க்கச் சொல்லும் பகுதியை இன்றே நீக்குங்கள், விழித்திரை கருகிவிடும்.

இயற்கை வழிதான் வேண்டுமென்றால் ஒன்று இருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 சதவீதம். வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் சுமார் 40. 2015-இல் வெளியான முடிவு இது. வந்ததை இது போக்காது, வருவதைக் குறைக்கும். "பிள்ளையை விளையாட விடுங்கள்" என்று ஒரு காணொளி போட்டால் யார் பார்ப்பார்கள் என்கிறீர்களா?

நான் பெரியவன், ஏமாந்தது என் பாடு. இந்த மடல் என் அண்ணன் மகளுக்காக. எட்டு வயது. உங்களைப் பார்த்துவிட்டு அண்ணி அவள் கண்ணாடியை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். ஆறு மாதம் கழித்துப் பவர் முக்கால் கூடியிருந்தது. கண்ணாடி போடாததால்தான் கூடியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த வயதில் எப்படியும் கூடும். ஆனால் அந்த ஆறு மாதமும் கரும்பலகையில் இருந்ததைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை.