எருக்கிடங்கு மானியம்: ஐப்பசி மழையில் வந்து அளந்து பாருங்கள்

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர், வேளாண்மை இணை இயக்குநர், கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநர், வேளாண்மைப் பொறியியல் துறைச் செயற்பொறியாளர்,
திருநெல்வேலி மாவட்டம்.

ஐயா, அம்மையீர், வணக்கம்.

சாணம், கோமியம், தொழுக்கூளம் இவற்றைச் சேர்த்து வைக்க உழவருக்கு அரசுப் பணம் பல வாசல் வழியாக வருகிறது. நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பணிப்பட்டியலில் மாட்டுக்கொட்டகையும் உரக்குழியும் தனிநபர் பணிகளாகப் பின்னர் சேர்ந்தன. 2018இல் சாணத்தை எரிவாயுவும் உரமும் ஆக்கும் ஒன்றிய அரசின் கோபர்தன் திட்டம் வந்தது. 2024-25 தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில் 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டம்' வந்தது. தொகையைக் கூட்டித் தரச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. எத்தனை குழி வெட்டியாயிற்று என்று எண்ணிக் கணக்கு முடிப்பதை நிறுத்துங்கள். மழை மாதங்களில் ஒரு கிடங்கு எத்தனை நாள் எருவைச் சத்துக் கரையாமல் வைத்திருக்கும் என்பதை அளந்து பணம் கொடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

நம் மாவட்டத்தில் பிசான நெல்லுக்கு அடியுரம் போட்டு முடித்ததும் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். ஐப்பசியிலிருந்து தை வரை வயலில் பயிர் நிற்கும், எரு கொண்டுபோய்க் கொட்ட இடம் இராது. தொழுவில் மட்டும் நாள் தவறாமல் சாணி விழுந்துகொண்டே இருக்கும். ஆகவே நமக்குத் தேவையான கொள்ளளவு நான்கு மாதம், அதாவது 120 நாள். இங்கிலாந்தில் 2022இல் தொடங்கிய சாணக்கரைசல் சேமிப்பு மானியம் ஆறு மாதக் கொள்ளளவும் மேல்மூடியும் இருந்தால்தான் கிடைக்கும் என்று விதித்தது. அங்கே குளிர்காலம் முழுக்க மாடு கொட்டிலுக்குள் நிற்பதால் ஆறு மாதம். நமக்கு நான்கு போதும். ஆனால் கொள்ளளவை நாட்கணக்கில் கேட்டது சரியான முறை. இங்கே தரும் வரைபடங்களில் நீளம், அகலம், ஆழம் இருக்கும். எத்தனை மாட்டுக்கு, எத்தனை நாளுக்கு என்ற வரி மட்டும் இராது.

நான்கு மாடு நிற்கும் ஒரு தொழுவை எடுத்துக்கொள்வோம். மாட்டுக்கு நாளொன்றுக்கு 15 கிலோ சாணம் என்றால் 60 கிலோ. தின்று கழித்த வைக்கோலும் கூளமும் 10 கிலோ. 120 நாளுக்கு 8,400 கிலோ. கூளம் கலந்த எரு கன மீட்டருக்குச் சுமார் 700 கிலோ பிடிக்கும். ஆக 12 கன மீட்டர், அதாவது 420 கன அடி வேண்டும். 15 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரத்தில் ஒரு அறை கட்டினால் 315 கன அடி. அதன்மேல் ஒன்றரை அடிக்குக் குவித்துச் சாணமும் மண்ணும் கரைத்துப் பூசி மூடினால் மீதியும் அடங்கும். நாளாக ஆக எரு அமுங்கவும் செய்யும். இதே அளவில் பக்கத்தில் இன்னொரு அறை கட்டாயம் வேண்டும். ஒன்று நிறைகிற நான்கு மாதமும் மற்றது மக்க வேண்டும். ஒற்றைக் குழி மானியத்தின் அடிப்படைக் கோளாறு இதுதான்: அடியில் மக்கிய எரு, மேலே நேற்றுப் போட்ட பச்சைச் சாணி. வயலுக்குப் போகும்போது இரண்டையும் சேர்த்தே அள்ள வேண்டியிருக்கிறது. பச்சைச் சாணியோடு களை விதையும் போகிறது.

இரண்டு அறைக்கும் சேர்த்துத் தளம் 16 அடிக்கு 15 அடி. ஜல்லி பரப்பி இடித்த படுகையின்மேல் 4 அங்குலக் கான்கிரீட், சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவை. மூன்றடிச் சுவருக்கு 6 அங்குல ஹாலோ பிளாக் சுமார் 220 ஆகும். பிளாக்கின் துளைகளை வெறுமனே விடாமல் கான்கிரீட் போட்டு நிரப்ப வேண்டும். ஈர எரு சுவரை வெளியே தள்ளும். வெற்றுப் பிளாக் சுவர் இரண்டாம் வருடமே மூலையில் விரிசல் விடும். உள்ளும் புறமும் 1:4 பூச்சு. அஸ்திவாரத்தைச் சேர்க்காமல் சிமெண்ட் 30 முதல் 35 மூட்டை பிடிக்கும். முன்பக்கம் சுவர் வேண்டாம். பலகை செருகக் காடி விட்டால் போதும், மம்பட்டியும் கடவப்பெட்டியும் போக வழி இருக்கும்.

தளத்தின் வாட்டம், அதாவது சரிவு, பின்பக்கம் நோக்கி இருக்க வேண்டும், 15 அடிக்கு நாலரை அங்குலம். முன்வாசலில் 3 அங்குல மேடு. கட்டி முடித்த கிடங்குகளில் அடிக்கடி தப்புவது இந்த இடம்தான். வீட்டுத் தளம் போடுகிற பழக்கத்தில் கொத்தனார் வாட்டத்தை வாசலுக்கு இழுத்துவிடுவார். பிறகு எருச்சாறு தெருவுக்கு வரும், தெருக்காரர் சண்டைக்கு வருவார், கிடங்கைக் குப்பைமேடாகக் கைவிடுவார்கள்.

பின்பக்கம் வடிகிற சாறும் தொழுவிலிருந்து வரும் கோமியமும் ஒரு தொட்டியில் சேர வேண்டும். மாட்டுக்கு 7 அல்லது 8 லிட்டர் வீதம் நாளுக்கு 30 லிட்டர் கோமியம், கழுவுகிற தண்ணீரைச் சிக்கனமாக்கினால் இன்னும் 40 லிட்டர், ஆக 70 லிட்டர். வாரத்துக்கு ஏறக்குறைய 500 லிட்டர். 3 அடி விட்டம், ஓரடி உயரம் உள்ள சிமெண்ட் உறை ஒன்று 200 லிட்டர் பிடிக்கும். மூன்று உறை இறக்கினால் மேலே கொஞ்சம் இடம் விட்டு 500 லிட்டர் நிற்கும். உறையைக் கண்டாலே ஆட்களுக்கு உறிஞ்சுகுழி நினைப்புதான் வரும். அடியைத் திறந்தே விட்டுவிடுவார்கள். அடியில் 4 அங்குலக் கான்கிரீட், உறைகளின் இணைப்பில் கலவை, உள்ளே வழவழப்பான பூச்சு என்று மதிப்பீட்டிலேயே எழுதிவிடுங்கள். தொட்டிக்கு வரும் வழி திறந்த வாய்க்காலாக, 6 அங்குல அகலத்தில் இருக்கட்டும். இரண்டு அங்குல பிவிசி குழாய் வைத்த இடங்களில் வைக்கோல் அடைத்து ஒரு மாதத்தில் நின்றுவிடுகிறது. அந்த வாய்க்காலின் முடிவில் அங்குல இடைவெளியில் கம்பி வலை. தொட்டிக்கு மூடி, அதற்குக் கீழே இரும்புக் கிராதி. சாணக்கரைசல் தேங்கிய தொட்டியைக் கலக்கும்போது வரும் வாயு ஆளை நொடியில் சாய்த்துவிடும். உள்ளே யாரும் இறங்கக் கூடாது என்று மூடியின்மேலேயே எழுதச் சொல்லுங்கள்.

இந்தத் தொட்டிக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்று கேட்கலாம். மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) பாதிக்கு மேலும் சாம்பல்சத்தில் (பொட்டாஷ்) பெரும்பகுதியும் கோமியத்தில்தான் போகிறது. தழைச்சத்து ஒரு விழுக்காடு என்று வைத்தால், 30 லிட்டரில் நாளுக்கு 300 கிராம். 120 நாளில் 36 கிலோ. யூரியாவாக்கிப் பார்த்தால் 78 கிலோ, ஒன்றே முக்கால் மூட்டை. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பதால் உழவர் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. அதன் அசல் விலை பல மடங்கு, மிச்சத்தை அரசே கட்டுகிறது. யூரியாவுக்கு ஒரு கையால் மானியம், கோமியம் சாக்கடையில் ஓடுவதற்கு மறு கையால் அனுமதி! சேர்ந்த கோமியத்தை வாழைக்கும் தென்னைக்கும் வாய்க்கால் தண்ணீரோடு கலந்து விடலாம்; கோடையில் எருமேட்டின் மேலேயே தெளிக்கலாம். டன்னுக்கு 10 முதல் 20 கிலோ சூப்பர் பாஸ்பேட் தூவினால் ஆவியாகும் தழைச்சத்து குறையும், மணிச்சத்தும் கூடும்.

கூரையைத்தான் மதிப்பீட்டில் முதலில் வெட்டுகிறார்கள். 16 அடிக்கு 15 அடி இடத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 2,200 லிட்டர். 500 லிட்டர் தொட்டி என்னாகும்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்ததை யாரும் மறக்கவில்லை. அந்த மழையில் திறந்த குழி எதுவும் தாங்கியிருக்க வழியில்லை. கரைந்த தழைச்சத்து நைட்ரேட்டாகிக் கிணற்றில் போய்ச் சேரும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தரநிர்ணயம். கிணற்றுக்கும் கிடங்குக்கும் குறைந்தது 50 அடி இடைவெளியைக் கட்டாயமாக்குங்கள். கூரைக்கு விலையுயர்ந்த தகடு வேண்டியதில்லை. சாணத்து நெடியில் முதலில் துருப்பிடிப்பது தகடு அல்ல, அதைப் பிடித்திருக்கும் திருகாணிதான். பனங்கை உத்திரமும் தென்னங்கிடுகும் போட்டால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். அதையும் மானியத்துக்கு உரிய கூரையாக ஏற்றுக்கொள்ளுங்கள். வாடையடிக்கும் பக்கம் இரண்டடி இறவாரம் நீட்டியிருக்க வேண்டும்.

ஒரே வரைபடம் மாவட்டம் முழுக்கச் செல்லாது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் வாய்க்கால் பாசன ஊர்களில் பிசானக் காலத்தில் இரண்டடி தோண்டினாலே ஊற்று எட்டிப் பார்க்கும். அங்கே குழி என்ற பேச்சே கூடாது. தெருவைவிட ஒன்றரை அடி உயர்த்திய மேடை, அதிலிருந்து வடிகிற உயரத்தில் தொட்டி. உறையை ஆழமாகப் புதைத்தால் காலியாக இருக்கும்போது ஊற்று அதைத் தூக்கிவிடும். மானூர்ப் பக்கத்துக் கரிசலில் தளம் பிளப்பதுதான் தொல்லை. இரண்டடிக் கரிசலை வழித்தெடுத்துவிட்டு, சரள் கொட்டி ஆறு அங்குலத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடித்து, தளத்தின் நடுவே இணைப்பு விட்டுத் தார் ஊற்ற வேண்டும். திசையன்விளைத் தேரிமணலில் நேர்மாறு: எதுவும் பிளக்காது, ஆனால் சின்ன ஓட்டை இருந்தாலும் சாறு முழுக்க மணலுக்குள் போய்விடும், தொட்டி ஏன் நிறையவில்லை என்பதுகூடத் தெரியாது. பொறியியல் துறை இந்த மூன்று வரைபடங்களை மட்டும் போட்டுத் தந்தால் போதும்.

மண்புழு உரப்படுக்கை பற்றி ஒரு வார்த்தை. 12 அடிக்கு 4 அடி, இரண்டடி உயரப் பை 96 கன அடி. நாளுக்கு 70 கிலோ விழும் தொழுவுக்கு அது நான்கு வாரத்தில் நிறைந்துவிடும். பச்சைச் சாணியை நேரே போட்டால் சூடேறிப் புழு செத்துவிடும். 15, 20 நாள் வெளியே ஆறப் போட வேண்டும், அதற்கும் ஓர் இடம் வேண்டும். ஒரு மாடு வைத்திருப்பவருக்குப் படுக்கை நல்லது. நான்கு மாட்டுக்காரருக்குக் கிடங்குக்குப் பதிலாகப் படுக்கையைக் கொடுத்துக் கணக்கை முடிக்காதீர்கள். சாண எரிவாயுக் கலனுக்கும் இதே கதை. இரண்டு கன மீட்டர்க் கலன் நாளுக்கு 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் கேட்கும். 100 லிட்டர் கரைசல் வெளியே வரும். அது போய்த் தங்க இடம் கட்டாமல் கலனுக்கு மட்டும் பணம் கொடுத்தால், வெளியேறும் வழி அடைத்துக் கலன் நின்றுபோகும்.

தென்னை உள்ள ஊர்களில் இன்னொரு கவனம். தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு பெரும்பாலும் முட்டையிடுவது எருக்கிடங்கில்தான். புழுப் பருவம் மூன்று மாதத்துக்கு மேல் போகும் என்பதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எருவைப் புரட்டி வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையை வேளாண் விரிவாக்க மையத்தில் கிடங்கு வைத்திருப்பவருக்கு முன்னுரிமையாகக் கொடுங்கள். மேலே மூட நைலான் வலையும் கொடுங்கள். புரட்டும்போது ஒரு பிடி எருவை எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் கூளம் சேர்க்க வேண்டும். உதிர்ந்தால் தொட்டிச் சாற்றைத் தெளிக்க வேண்டும்.

இனி காகித விஷயம். எருக்கிடங்கு அமைவது தொழுவை ஒட்டி, வீட்டுப் பக்கம், நத்தத்தில். விண்ணப்பத்தில் கேட்பதோ வயலின் சிட்டா, அடங்கல். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுபவரிடம் நான்கு மாடு இருக்கும், பட்டா இராது. கூட்டுப்பட்டாவில் இருப்பவருக்கு அண்ணன் தம்பி கையெழுத்துக்கே வருடம் ஓடிவிடும். மாடு இருப்பதற்குக் கால்நடை மருந்தகச் சான்றும், இடத்துக்கு வீட்டு வரி ரசீதும் போதும் என்று ஆணையிடுங்கள். பின்னேற்பு மானியம் என்று சொல்லி முழுத்தொகையையும் முதலில் கையிலிருந்து போடச் சொன்னால், நான்கு மாட்டுக்காரர் விண்ணப்பமே போடமாட்டார். தளம் முடிந்ததும் பாதி, தொட்டியும் கூரையும் முடிந்ததும் கால்பங்கு, மீதிக் கால்பங்கு மழையில் சோதித்த பிறகு என்று பிரித்துக் கொடுங்கள். நூறு நாள் வேலைச் சட்டம் கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்று வகுத்தது. கான்கிரீட் தளமும் தொட்டியும் பொருட்செலவு மிகுந்தவை. அந்தக் கணக்குக்குள் அடைக்கப் பார்த்துத்தான் வெறும் மண்குழியில் வந்து நின்றோம். மண் வேலையை அந்தக் கணக்கிலும், பொருளை வேளாண் திட்டத்திலும் சேர்த்துக் கொடுப்பது உங்கள் அதிகாரத்துக்குள்தான் இருக்கிறது.

மழைச் சோதனை எளிது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு கனமழை பெய்த மறுநாள் உதவி வேளாண்மை அலுவலர் வந்து நான்கு இடம் பார்த்தால் போதும்: வாசலில் சாறு வழிகிறதா, தொட்டி வழிகிறதா, கூரைத் தண்ணீர் உள்ளே வருகிறதா, இரண்டாம் அறை காலியாகவோ மூடி மக்கிக்கொண்டோ இருக்கிறதா. பளபளவென்று பூசிய சுவரின்முன் உழவரை நிறுத்திக் கோடையில் எடுக்கும் புகைப்படத்தில் இவை எதுவும் தெரியாது.

பணி உத்தரவு ஆனிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும். கார் நெல் நடவு முடிந்து ஆள் கிடைக்கும். ஆடிக்காற்றில் கான்கிரீட் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும் என்பதால் ஈரச்சாக்கு போட்டு ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். புரட்டாசி தாண்டி வரும் உத்தரவில் வேலையைத் தொடங்கச் சொல்லாதீர்கள். மறு சித்திரை வரை அது செல்லும் என்று உத்தரவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திருநெல்வேலி மாவட்டத்துக் கால்நடை வளர்ப்போரும், கிடங்கு கட்டும் கொத்தனார்களும்