டெல்டாவுல சொசைட்டி, காலேஜ், ஆஸ்பத்திரி நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகத்துல இருக்குற அய்யா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்ங்க. கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்கு கேபிள் இழுத்து ஸ்விட்ச் (பல சிஸ்டத்தோட கேபிள ஒண்ணா சேக்குற பெட்டி) மாட்டிக் குடுக்குற வேலை எனக்கு. உங்ககிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், உங்க நெட்வொர்க்ல என்னென்ன சொருகியிருக்குன்னு ஒரு நாள் உக்காந்து கணக்கெடுக்க விடுங்க. நெட் படுத்த பிறகு கூப்புட்டா ரொம்ப லேட்டுங்க.

சம்பா பயிர் காப்பீட்டுக்கு கடைசி தேதி நெருங்குன நேரம் ஒரு சொசைட்டிலேர்ந்து போன். போய் பாத்தா சிட்டா, அடங்கல், பாஸ்புக்கோட வாசல் நெறைய ஆளுங்க, வயசான அம்மாங்க திண்ணையில சாஞ்சு கெடக்குறாங்க, உள்ள ஆறு சிஸ்டத்துல நாலு வேலை செய்யல ஆனா ரெண்டு நல்லா ஓடுது. காலைலேர்ந்து லைன்காரங்கள திட்டிட்டு இருக்காங்க, அவங்களோ லைன் நல்லாருக்குன்னு சொல்றாங்க, அது உண்மையும்கூட. சிஸ்டத்தோட நெட்வொர்க் நம்பர், அதான் ஐபி, என்னன்னு பாக்க ஐபிகான்ஃபிக்னு ஒரு கமாண்ட் அடிச்சேன். அங்க 10ல ஆரம்பிக்கிற ஐபி இருக்கணும், ஆனா வீட்டு ரூட்டருங்க வழக்கமா குடுக்குற மாதிரி 192.168.0ன்னு காட்டுது. அப்பவே புரிஞ்சிருச்சு, யாரோ வீட்டு வைஃபை ரூட்டர கொண்டாந்து சொருகியிருக்காங்க.

நெல்லு கொள்முதல் நிலையத்துல டோக்கன் குடுப்பாங்கல்ல, நெட்வொர்க்ல அந்த வேலைய டிஹெச்சிபின்னு ஒண்ணு பாக்குது. சிஸ்டம் ஆன் ஆனதும் "எனக்கு ஒரு நம்பர் குடுங்க"ன்னு பொதுவா சத்தம் போடும், யாரு முதல்ல பதில் சொல்றாங்களோ பெரும்பாலும் அதையே வாங்கிக்கும். வீட்டு ரூட்டரோட லேன் போர்ட்ல (உள்ள இருக்குற சிஸ்டங்கள சொருகுற ஓட்டை) ஆபீஸ் கேபிள சொருகிட்டா அதுவும் டோக்கன் குடுக்க ஆரம்பிச்சிரும், ஆனா அந்த டோக்கன வச்சிக்கிட்டு எங்கயும் போக முடியாது. அன்னிக்கி பதினோரு மணிக்கு கரண்ட் போய் வந்துருக்கு, திரும்ப ஆன் ஆன நாலு சிஸ்டமும் தப்பான ரூட்டர்ட்ட மாட்டிக்கிச்சு, யூபிஎஸ்ல இருந்த ரெண்டு மட்டும் பழைய ஐபியோட தப்பிச்சுது.

அதைக் கண்டுபுடிக்கிறதுதான் பெரும்பாடு. எந்த ஐபி எந்த பெட்டிக்குன்னு சிஸ்டம் வச்சிருக்குற ஏஆர்பி டேபிள்ல அந்த தப்பான ரூட்டரோட மேக் அட்ரஸ் (ஒவ்வொரு பெட்டிக்கும் கம்பெனியே போட்டு அனுப்புற நம்பர்) கெடச்சுது, அதுல முதல் 6 எழுத்த வச்சு எந்த கம்பெனி ரூட்டர்னு தெரிஞ்சிருச்சு, ஆனா எந்த ரூம்ல இருக்குன்னு அது சொல்லாதே. இருந்ததெல்லாம் சாதா ஸ்விட்ச், கேபிள்ல ஒரு லேபிள் கெடையாது. அந்த ரூட்டர் பதில் சொல்லுதான்னு கேட்டுக்கிட்டே இருக்குற பிங்க ஓடவிட்டுட்டு, எத புடுங்குனா பதில் நிக்கிதுன்னு ஒவ்வொரு கேபிளா புடுங்கி பாத்தேன், மூணு மணி நேரம். கடைசில உரக் குடோன் மேசைக்கு அடியில இருந்துச்சு. உள்ள போய் பாக்கவும் செட்டிங் போடவும் முடியுற மேனேஜ்டு ஸ்விட்ச் ஒண்ணு இருந்திருந்தா அந்த மேக் எந்த போர்ட்லன்னு ரெண்டு நிமிசத்துல தெரிஞ்சிருக்கும், அதுல தப்பான எடத்துலேர்ந்து வர்ற டோக்கன தடுக்குற டிஹெச்சிபி ஸ்னூப்பிங்க போட்டிருந்தா இந்த ரூட்டர் குடுக்குற டோக்கன் எதுவும் வெளியவே வந்துருக்காது.

சொருகுன தம்பிய தயவுசெஞ்சு திட்டாதீங்க. குடோன்ல சிக்னல் எடுக்கலன்னு வீட்லேர்ந்து கொண்டாந்துருக்கான், வேலை நடக்கணும்னுதான். திட்டுனா அடுத்த ஆளு மறைச்சு வைப்பான், எனக்கு அது இன்னும் கஷ்டம்.

அப்புறம் கேமரா. டிவிஆர (கேமரா படத்த பதிவு பண்ணுற பெட்டி) மாட்டிட்டு, அதோட வந்த பாஸ்வேர்டையே மாத்தாம, போன்ல பாக்கணும்னு இன்டர்நெட்டுக்கும் தொறந்து வச்சிருக்காங்க, நான் போன எடத்துல பாதில இதுதான் நெலம. 2016ல மிராய்னு ஒரு வைரஸ் இந்த மாதிரி கேமராவையும் டிவிஆரையும்தான் புடிச்சுது, அதுங்கள வச்சு அந்த வருசம் அக்டோபர் 21ந் தேதி, வெப்சைட் பேர வச்சு அதோட ஐபிய தேடிக் குடுக்குற டைன்ங்குற கம்பெனி மேல நடந்த தாக்குதல்ல ட்விட்டரே பல எடத்துல தொறக்கல. கேமராவ தனி விலேன்ல (அதே ஸ்விட்ச்லயே பிரிச்சு வைக்கிற தனி நெட்வொர்க்) போடுங்க, முக்கியமா ஆஸ்பத்திரிக்காரங்க.

கணக்கெடுக்கும்போது போன்களால குழப்பம் வரும், ஆண்ட்ராய்டு 10லேர்ந்து ஒவ்வொரு வைஃபைக்கும் வேற வேற மேக் காட்டுது, அதனால போனுக்குன்னு தனி வைஃபை குடுத்துட்டா ஆபீஸ் லிஸ்ட் சுத்தமா இருக்கும். மத்தபடி ஒரு நோட்டு போதும்ங்க, எந்த பெட்டி, எந்த ரூம், எந்த போர்ட், மேக் என்ன, யாரு பொறுப்பு. புதுசா ஒண்ணு சொருகுனா அதுல எழுதணும், அவ்ளோதான்.

ஜூன் 12 மேட்டூர் தொறக்குறதுக்கு முன்னாடி வாய்க்கால் தூர்வாருறோம்ல, அந்த மே மாசத்துலயே ஒரு நாள் குடுங்க. ரூம் சாவி வச்சிருக்குறவங்க மட்டும் அன்னிக்கி கண்டிப்பா வரணும், தேடுற பெட்டி பாதி பூட்டுன ரூம்லதான் இருக்குது.