மாலை நேரத்தையும் சொல், கயல்

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுகிறேன். முன்பெல்லாம் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அழைப்பாய். இப்போது காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு வார்த்தை பேசுகிறாய். மாலையில் நான் அழைத்தால் எடுப்பதில்லை, கொஞ்ச நேரம் கழித்து “நல்லா இருக்கேன்மா” என்று குறுஞ்செய்தி மட்டும் வருகிறது. வேலை கூடுதலாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. தம்பி தேசிய சேவையை முடித்துவிட்டான். அப்பாவுக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது.

தசைகளைச் சோர வைக்கும் உன் மயஸ்தீனியா நோய்க்காக, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியை எடுக்க நாள் குறித்தாகிவிட்டது. இது அவசரமாகச் செய்யும் அறுவை அன்று, நோயின் பலவீனம் அடங்கி உடல் நிலையாக இருக்கும் வேளையில்தான் செய்வோம் என்று மருத்துவர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அந்த நிலையை அவர் எதை வைத்து முடிவு செய்வார் என்பதுதான் என் கவலை. உன் சந்திப்புகள் எல்லாமே காலையில்தான். இரவெல்லாம் ஓய்வெடுத்த தசைகளோடு, பைரிடோஸ்டிக்மின் மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் அவர் முன்னால் போய் உட்காருகிறாய். இமை தொங்குவதில்லை, பேச்சும் தெளிவாக இருக்கிறது. மாத்திரையின் பலன் 3, 4 மணி நேரத்தில் இறங்கிவிடும் என்பதும், பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை சோர்ந்துபோவதுதான் மயஸ்தீனியாவின் குணம் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால், மாலை ஆறு மணிக் கயலை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

நான் பார்த்திருக்கிறேன். தீபாவளியன்று பெரியம்மா வீட்டில் ஆட்டிறைச்சியை மெல்லும்போது தாடைக்குக் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாய். ஏதோ யோசனையில் இருக்கிறாய் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். தண்ணீர் குடிக்கும்போது புரையேறியதும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாய். மாலையில் உன் குரல் மூக்கிலிருந்து வருவதுபோல மாறிவிடுவதையும் நான் அறிவேன், மகளே. மெல்லுவதும் விழுங்குவதும் தளர்ந்தால் மூச்சுக்கான தசைகளையும் கவனிக்க வேண்டும். அவை தளர்ந்திருக்கும் நிலையில் மயக்க மருந்து கொடுத்தால், அறுவை முடிந்த பிறகும் செயற்கைச் சுவாசக் கருவியை எடுக்க முடியாமல் போகலாம். முன்கூட்டியே தெரிந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை ஏற்றியோ இரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றியோ உடலைத் தேற்றிக்கொண்டு போவார்கள்; எந்தத் தசைத் தளர்வு மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பதையும் மயக்க மருத்துவர் அதற்கேற்ப முடிவு செய்வார்.

சொன்னால் நாளைத் தள்ளிவைத்துவிடுவார்கள் என்று நீ அஞ்சுகிறாய் என்றே எனக்குத் தோன்றுகிறது. அலுவலகத்தில் விடுப்பு வாங்கிவிட்டாய், மாப்பிள்ளையும் வாங்கிவிட்டார், மெடிசேவ் மருத்துவச் சேமிப்புத் தாள்களிலும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. தள்ளிப்போனால் போகட்டும். 2016-இல் வெளிவந்த பெரிய ஆய்வைத் தம்பி எனக்குப் படித்துக் காட்டினான். 126 நோயாளிகளை 3 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை மட்டும் சாப்பிட்டவர்களைவிட, அதோடு தைமஸையும் அறுவையில் அகற்றிக்கொண்டவர்களுக்குப் பலவீனமும் குறைந்தது, மருந்தின் அளவும் குறைந்தது. மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் மெல்ல வரும் பலனுக்குச் சில வாரம் தாமதிப்பதால் என்ன குறைந்துவிடும்?

முடியாது என்று நீ சொல்லி நான் கேட்டதே இல்லை. காய்ச்சலோடு போய் ஓ நிலைத் தேர்வை எழுதிவிட்டு வந்தவள் நீ. அதை இன்றைக்கும் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால், இந்த நோயை அந்தப் பிடிவாதத்தால் வெல்ல முடியாது. சோர்ந்த தசையை வற்புறுத்தினால் அது இன்னும் சோர்ந்துதான் போகும். மருத்துவரிடம் மறைப்பது தைரியம் ஆகாது, கயல்.

ஆகவே ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வை: மாத்திரை போட்ட நேரம், இமை தொங்கிய நேரம், இரட்டையாகத் தெரிந்த நேரம், எதை விழுங்கச் சிரமப்பட்டாய் என்பது. காலையிலும் இரவிலும் ஒரே மூச்சில் எதுவரை எண்ண முடிகிறது என்பதையும் குறித்துக்கொள். இரவில் படுத்தால் மூச்சு முட்டினாலோ எச்சிலை விழுங்க முடியாமல் போனாலோ, எழுதிக்கொண்டிராமல் உடனே ஆம்புலன்சுக்கு 995-ஐ அழைக்க வேண்டும். தொண்டை வலி, சளி என்று புளோக்கின் கீழே இருக்கும் கிளினிக்குக்குப் போனால் நோயின் பெயரை முதலில் சொல். அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளோக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் இந்த நோயைக் கூட்டிவிடக்கூடும். கிருமித்தொற்றும் கூட்டும், ஆகையால் கூட்டத்தில் முகக்கவசம் போட்டுக்கொள். மாலை நேரத்து நிலையை மறைக்காமல் சொல். இதை முன்பே எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மயக்க மருத்துவரைப் பார்க்கப் போகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். நானும் வருகிறேன். அறைக்குள் வர வேண்டாம் என்றால் வெளியில் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் குறிப்பேடு உன் கையில் இருக்க வேண்டும். இன்றிரவு நான் அழைக்கும்போது எடு. குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. உனக்குப் பேச முடியாவிட்டால் நான் பேசுகிறேன், நீ கேட்டுக்கொண்டிரு.

அன்புடன்,
அம்மா