யார் ஜெயிச்சாங்க, அப்புச்சி?

அறச்சலூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மழைதான் இரண்டு நாளாக வருகிற மாதிரி மூடிக்கொண்டு வந்து, சென்னிமலைப் பக்கமாகப் போய்விடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அடுப்படியில் இருந்தபோது சின்னவன் போனில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். உங்கள் ஊர் டிவியில் ஏதோ ஒரு சண்டையைக் காட்டினார்களாம். இந்த நாட்டிலும் கொடி பிடித்துக் கொண்டாடுகிறார்கள், அந்த நாட்டிலும் கொண்டாடுகிறார்களாம். “ரெண்டு பேரும் எப்படி அப்புச்சி ஜெயிக்க முடியும்? நெசமா யார் ஜெயிச்சாங்க?” என்றான். எனக்கு உடனே வாயில் வந்தது, “யாருக்குச் சேதம் அதிகமோ அவங்க தோத்தவங்க சாமி” என்பதுதான். அவனும் சரி என்று விளையாடப் போய்விட்டான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் பேரனுக்குத் தப்பான பதிலைச் சொல்லிவிட்டேன். அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். அவனுக்கு இவ்வளவு தமிழ் படிக்க இன்னும் வராது. நீ முதலில் படித்துவிட்டு, அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்.

செத்தவர்களை எண்ணிப் பார்த்து முடிவு சொல்ல முடியாது என்பதற்கு வியட்நாம் ஒன்றே போதும். அங்கே அமெரிக்கத் தளபதிகள் எதிரிகளின் பிணங்களை எண்ணித்தான் போர் எப்படிப் போகிறது என்று தங்கள் நாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கணக்கு எப்போதும் அவர்கள் பக்கம்தான் நன்றாக இருந்தது. 1968 ஜனவரி கடைசியில், அங்கே புத்தாண்டு நாளில், வடக்குப் படையும் தெற்கே இருந்த கெரில்லாக்களும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஒரே சமயத்தில் தாக்கினார்கள். அநேகமாக எல்லா இடத்திலிருந்தும் அமெரிக்கர்கள் அவர்களை விரட்டிவிட்டார்கள். தாக்கியவர்கள் பல ஆயிரம் பேரை இழந்தார்கள். அப்படியும் அந்தத் தாக்குதலுக்குப் பிறகுதான், “ஜெயிக்கப் போகிறோம் என்றீர்களே, இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?” என்று அமெரிக்க வீடுகளில் கேட்க ஆரம்பித்தார்கள். மார்ச் 31 அன்று ஜனாதிபதி ஜான்சன், அடுத்த தேர்தலில் நிற்க மாட்டேன் என்று அறிவித்தார். முடிவில் அமெரிக்கர்கள் இழந்தது 58,000 பேர். வியட்நாமியர் இழந்தது பல லட்சம். ஆனால் 1975 ஏப்ரல் 30-ஆம் தேதி தெற்கின் தலைநகரான சைகோனுக்குள் நுழைந்தது யாருடைய டாங்கி? வடக்கினுடையது. நான் சின்னவனுக்குச் சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால் வியட்நாம்தான் தோற்றிருக்க வேண்டும்.

சரி, மண்ணைப் பிடித்தவன் ஜெயித்தவனா? அதுவும் இல்லை. 1962-இல் சீனப் படை கிழக்கே போம்டிலாவைத் தாண்டி, அஸ்ஸாம் சமவெளியின் விளிம்பு வரைக்கும் வந்தது. நவம்பர் 21 அன்று தானாகவே போரை நிறுத்திவிட்டுக் கிழக்கே பிடித்ததையெல்லாம் விட்டுத் திரும்பிப் போனது. விட்டுப் போனதால் தோற்றார்களா? அவர்களுக்கு வேண்டியது மேற்கே லடாக் பக்கத்து அக்சாய் சின். அது அவர்கள் கையில் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. நாம் தோற்றோம். இதைச் சின்னவனுக்கு ஒளிக்காமல் சொல். சொந்த நாடு தோற்றதைச் சொல்லத் தெரியாதவன், அது ஜெயித்ததைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

நான் இப்போது முதலில் கேட்பது ஒன்றுதான். சண்டை தொடங்கிய அன்று அவனவனுக்கு என்ன வேண்டியிருந்தது? ஓய்ந்த அன்று அது அவன் கையில் இருந்ததா?

1965-ஐ இப்படிப் பார். நம் புத்தகத்தில் நாம் ஜெயித்தோம். பாகிஸ்தானில் இன்றைக்கும் செப்டம்பர் 6-ஐப் பாதுகாப்பு நாள் என்று கொண்டாடுகிறார்கள். 1966 ஜனவரி 10-ஆம் தேதி தாஷ்கண்டில் சாஸ்திரியும் அயூப்கானும் கையெழுத்துப் போட்டு, பிடித்ததை அவரவர் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவு உயிரைக் கொடுத்துப் பிடித்த ஹாஜி பீர் கணவாயையும் நாம் திருப்பிக் கொடுத்தோம். அன்று இரவே சாஸ்திரி அங்கேயே இறந்து போனார். மண்ணை வைத்துப் பார்த்தால் யாரும் ஜெயிக்கவில்லை. ஆனால் ஆகஸ்டில் காஷ்மீருக்குள் ஆட்களை அனுப்பி, அங்கே கலகத்தைக் கிளப்பி, அதைத் தன் பக்கம் இழுக்க நினைத்தது பாகிஸ்தான். கலகமும் வரவில்லை, காஷ்மீரும் போகவில்லை. அதைப் போகவிடாமல் பார்ப்பதுதான் நமக்கு வேண்டியிருந்தது. ஆகவே பெரிய வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன், வந்த காரியம் அவர்களுக்கு முடியவில்லை என்று சொல்வேன். 1971-க்கு இவ்வளவு யோசனையே வேண்டாம். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து, அதாவது இன்றைய பங்களாதேஷிலிருந்து, ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இங்கே வந்து கிடந்தார்கள், அவர்கள் ஊர் திரும்ப வேண்டும் என்றோம். டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரண். அடுத்த சில மாதங்களில் பெரும்பாலோர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அப்படிப் பளிச்சென்று முடிகிற போர் அபூர்வம்.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சண்டைக்குப் போனவர்கள் நடுவிலேயே ‘எனக்கு வேண்டியது இது’ என்பதை மாற்றிக்கொள்வார்கள். கம்பு விதைத்தவன் காட்டில் கோரை முளைத்தால், கோரைக்குத்தான் விதைத்தேன் என்கிற மாதிரி. கொரியாவில் 1950 ஜூனில் வடக்கு தெற்கே இறங்கியபோது, அதைத் திருப்பி அனுப்புவதுதான் அமெரிக்காவும் ஐ.நா.வும் சொன்ன காரியம். செப்டம்பர் முடிவதற்குள் அது நடந்துவிட்டது. நடந்ததும் ஆசை பெருகி, வடக்கையும் சேர்த்து ஒன்றாக்கிவிடலாம் என்று சீன எல்லை வரைக்கும் போனார்கள். சீனா இறங்கியது. 1953 ஜூலை 27-இல் போர் நின்றபோது கோடு ஏறக்குறையப் பழைய இடத்திலேயே இருந்தது. முதலில் சொன்னதை வைத்துப் பார்த்தால் வெற்றி. நடுவில் ஆசைப்பட்டதை வைத்துப் பார்த்தால் தோல்வி. அந்த நடு ஆசைக்காகச் செத்தவர்களை நினைத்தால் எனக்கு மனது ஆறுவதில்லை.

என்றைக்கு நின்று பார்க்கிறோம் என்பதும் இருக்கிறது. இதற்கு நம் கொங்கு நாட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கோயம்புத்தூர்க் கோட்டையை 1783-இல் கும்பினிக்காரர்கள், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்காரர்கள், பிடித்தார்கள். 1784-இல் மங்களூர் உடன்படிக்கைப்படி திப்புவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 1790-இல் மறுபடி பிடித்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் சத்தியமங்கலத்தில் திப்பு அவர்களைப் பின்வாங்க வைத்தார். 1791-இல் கோட்டை மறுபடி திப்பு கைக்கு வந்தது. 1784-இல் ஒருவன் பேரூர்ப் படித்துறையில் உட்கார்ந்து யார் ஜெயித்தார்கள் என்று கேட்டிருந்தால், ‘திப்பு ஒன்றையும் விடவில்லை’ என்றுதான் பதில் வந்திருக்கும். எட்டே வருஷத்தில், 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், பாதி ராஜ்யத்தையும் கொடுத்து, 3 கோடியே 30 லட்சம் ரூபாய்க்கும் ஒப்புக்கொண்டு, இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். சேலமும் பாரமஹாலும் அப்போதே போயின. 1799 மே 4-ஆம் தேதி அவரும் போனார், கோயம்புத்தூரும் கும்பினிக்குப் போனது.

அந்தப் பதினாறு வருஷமும் இங்கே உழுதுகொண்டிருந்தவனை நினைத்துப் பார் அம்மிணி. இரண்டு படைக்கும் பீரங்கி இழுக்கவும் தானியம் சுமக்கவும் மாடுகள்தான். எந்தப் படை வந்தாலும் மேய்ச்சல் போகும், பட்டியில் மாடு குறையும். யார் ஜெயித்தார்கள் என்பது அவனுக்கு, இந்த வருஷம் யாருக்கு வரி கட்டுவது என்பதுதான். வகுப்பில் இந்தப் போர்களை நடத்தியபோது ஆண்டையும் உடன்படிக்கையையும் கரும்பலகையில் எழுதிப்போட்டேன், இந்த ஆளைப் பற்றி ஒரு வரி சொன்னதில்லை. இப்போது அது உறுத்துகிறது.

அடுத்தது உனக்குக் கோபம் வரக்கூடிய விஷயம். ஓடாநிலைக்கு உன்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போவேனே, நினைவிருக்கிறதா? அந்த ஊர்க் கோட்டையிலிருந்து கும்பினியை எதிர்த்த தீரன் சின்னமலை திப்புவோடு நின்றவர். திப்பு இறந்த பிறகும் அடங்கவில்லை. காவிரிக்கரையில் 1801-இல் ஜெயித்தார், ஓடாநிலையில் 1802-இல் ஜெயித்தார், நம் அறச்சலூரில் 1804-இல் ஜெயித்தார். மூன்று சண்டையிலும் ஜெயித்தவரை 1805 ஜூலை 31-ஆம் தேதி சங்ககிரிக் கோட்டையில் தூக்கில் போட்டார்கள். ஆடிப் பதினெட்டு அன்று மேடையில் பேசுகிறவர்கள், ‘இருநூறு வருஷம் கழித்தும் நாம் மாலை போடுகிறோம், ஆகவே ஜெயித்தவர் அவர்தான்’ என்பார்கள். நீயும் ஒன்பதாவது படிக்கும்போது பேச்சுப் போட்டியில் அப்படித்தான் பேசினாய், நான்தான் எழுதிக்கொடுத்தேன்.

இப்போது நான் அப்படி நினைக்கவில்லை. இந்த மண்ணின் வரிப்பணம் வெளியே போகக்கூடாது, இந்த மண்ணை வேறொருவன் ஆளக்கூடாது என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. வரிப்பணம் கொண்டு போனவர்களை மறித்து, ‘சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை மறித்தான் என்று போய்ச் சொல்’ என்றாரே, அந்தக் கதையில் வருவதும் அதுதான். அது நடக்கவில்லை. அவர் போனபின் 142 வருஷம் வரி வெளியேதான் போனது. அவர் தோற்றார். தோற்றவர் என்று சொல்வதால் அவர் குறைந்துவிட மாட்டார். தோல்வியை வெற்றி என்று நாம் பூசி மெழுகினால், அவர் எதை இழந்தார் என்பதே நமக்கு மறந்துபோகும். நாம் ஒருவரை மதிப்பது ஒரு கணக்கு, அவர் ஜெயித்தாரா என்பது வேறு கணக்கு. ஜெயித்தவனை மட்டும்தான் மதிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கினால், மதிக்கிறவர்களையெல்லாம் ஜெயித்தவர்களாக்க வேண்டியதாகிவிடும்.

இதையெல்லாம் எழுதும்போது நம் கிணற்று வழக்கு ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. உனக்குப் பாதிதான் தெரியும். என் அப்பாவான உன் அப்பாருவுக்கும், அவர் தம்பியான சின்ன அப்பாருவுக்கும் பொதுக்கிணறு. ஒரு நாள் இவர் முறை, ஒரு நாள் அவர் முறை. சின்னவர் பெரிய மோட்டாராகப் போட்டு, தன் முறையிலேயே கிணற்றை வற்ற அடித்துவிடுகிறார் என்று அப்பாரு கோர்ட்டுக்குப் போனார். பதினான்கு வருஷம் நடந்தது. வக்கீலுக்கே மேற்கால் காட்டில் அரை ஏக்கர் போனது. தீர்ப்பு நமக்குச் சாதகம். அப்பாரு ஊருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தார். ஆனால் அதற்குள் கிணற்றில் தண்ணீரே இல்லை, இரண்டு பேரும் தனித்தனியாகக் குழாய் இறக்கியிருந்தார்கள். வழக்குப் போட்டது தண்ணீருக்கு. கிடைத்தது காகிதம்.

அந்த ஆத்திரத்தில் சின்ன அப்பாரு, இரண்டு காட்டு வேலிக்கும் நடுவே போகிற இட்டேரி வழியில் தன் பக்கத்துக் கிளுவை வேலியை இரண்டு முழம் தள்ளி நட்டுவிட்டார். வண்டி போக முடியாது, நாமும் கேட்கவில்லை. அப்பாரு இறந்த அன்று விடியற்காலையில் நான் வெளியே வந்து பார்த்தேன். சின்ன அப்பாரு தனியாக நின்று, கொடுவாளை வைத்து அந்த வேலியை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார். பாடை போக வழி வேண்டுமே. கையெல்லாம் முள். என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. நானும் போய் வெட்டிய கிளையை இழுத்துப் போட்டேன். அந்த வழக்கில் யார் ஜெயித்தார்கள் என்று சின்னவன் கேட்டால், தீர்ப்பு யார் பக்கம் என்பதைச் சொல். தண்ணீர் யாருக்கும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்.

அவன் டிவியில் பார்த்த சண்டைக்கு வருகிறேன். அதில் யார் ஜெயித்தார்கள் என்று என்னால் இப்போது சொல்ல முடியாது, டிவியில் பேசுகிறவர்களாலும் முடியாது. ஆனால் அவனால் ஒரு வேலை செய்ய முடியும். ஒரு நோட்டு வாங்கிக் கொடு. இரண்டு நாட்டுத் தலைவர்களும் முதல் நாளன்று, ‘இதற்காகத்தான் சண்டைக்குப் போகிறோம்’ என்று சொன்னதைத் தேடி, தேதி போட்டு, அவர்கள் வார்த்தையிலேயே இரண்டு பக்கத்தில் எழுதச் சொல். நீ உதவி செய், ஆனால் எந்தப் பக்கமும் சாயாதே. அவர்கள் பேச்சை மாற்றினால், பழையதை அடிக்காமல், கீழே புதிய தேதி போட்டு எழுதட்டும். மூன்றாவது பக்கத்தில் வீடு வாசல் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதை எழுதட்டும். அதை யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள், தேடித்தான் எடுக்க வேண்டும்.

ஆடிக்கு வருகிறீர்கள் அல்லவா, அந்த நோட்டை மறக்காமல் எடுத்து வரச் சொல். பதினெட்டு அன்று கூட்டமாக இருக்கும், மறுநாள் காலையில் சங்ககிரி மலை ஏறலாம். எனக்கு மூச்சு வாங்கும், பாதி வழியில் ஒரு வாசல் திண்ணையில் உட்கார்ந்துவிடுவேன். அங்கே வைத்து அவன் எழுதியதைப் படித்துக் காட்டட்டும்.

அம்மா கருப்பட்டியும் கொள்ளுப்பொடியும் எடுத்து வைத்திருக்கிறாள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா