செயலாளரின் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2024 – மார்ச் 2025)

தலைவர் அம்மா அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், இனிமேல் வந்து சேரப்போகும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

துண்டுத் துணிகளை இணைத்துக் குவில்ட் என்ற போர்வை தைப்பவர்களின் சங்கமானாலும், பதிவு பெற்ற சங்கம் என்றால் பொதுக்குழுவும் கூட்ட வேண்டும், கணக்கும் காட்ட வேண்டும். அதற்காகத்தான் இந்த அறிக்கை. நடந்ததைச் சொல்கிறேன். சில இடங்களில் என் கருத்தும் கலந்திருக்கும். பிடிக்காதவர்கள் கேள்வி நேரத்தில் எழுந்து கேட்கலாம், வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

செயற்குழு எட்டு முறை கூடியது. தொடக்கநிலை வகுப்புகள் இரண்டு நடந்தன. ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் எண்ணெய் விட்டுப் பொட்டு வைத்தோம். ஃபெஞ்சல் புயல் மழையில் கொருக்குப்பேட்டையில் வைத்திருந்த துணி மூட்டைகளில் ஒன்று நனைந்தது. உலர்த்தி எடுத்துவிட்டோம், சாயம் இறங்கிய துணிகளைத் தனியே கட்டி வைத்திருக்கிறோம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மகளிர் தினக் கூட்டம் சிறப்பாக நடந்ததாகச் சொன்னார்கள்.

இனி கண்காட்சி.

ஆண்டுக்கு ஒரு கண்காட்சி நடத்துவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். என்ன மாதிரிக் கண்காட்சி என்று தீர்மானத்தில் இல்லை. பிறகு வந்த பேச்சுக்கெல்லாம் அதுதான் காரணம். நான் புரிந்துகொண்டது இது: அட்டையில் செய்த மாதிரியை வைத்து வெட்டியது, யூடியூபில் பார்த்துப் போட்ட நட்சத்திரம், கட்டம் கட்டமாக மெத்தை விரிப்பு, இதெல்லாம் சுவருக்கு வேண்டாம். துணியைக் கையில் எடுத்து, வெட்டி, தைத்து, தள்ளி நின்று பார்த்து, பிடிக்காவிட்டால் தைத்ததையே மறுபடி வெட்டி, அப்படிப் போகிற போக்கில் உருவாகும் குவில்ட் மட்டும் தொங்கட்டும். கட்டிங் மாஸ்டராக இருந்தவர் அளவில்லாமல் வெட்டச் சொல்கிறாரே என்று சிரித்தவர்கள் உண்டு. கம்பெனியில் அடுக்கடுக்காகத் துணியைப் போட்டு, மார்க்கர் தாளில் வரைந்த கோட்டில் இருந்து நூல் பிசகாமல் வெட்டிக்கொண்டே இருந்த கை இது. அதற்கு அளவு அலுத்துப்போனதில் என்ன வியப்பு?

வகுப்பில் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "மாஸ்டர், எத்தனை இஞ்ச்?" நான் சொன்ன ஒரே பதில், தையலுக்கு மட்டும் கால் இஞ்ச் விடுங்கள். மற்றதற்கு அளவு கிடையாது. இரண்டு துணியையும் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி, ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டில் லேசான வளைவாக வெட்டினால், இதன் மேடும் அதன் பள்ளமும் தானே பொருந்திவிடும். இதை வரைந்து காட்டத் தேவையில்லை. பயம் போனால் போதும். நிறத்தில் குழப்பம் வந்தால் செல்போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் சண்டை போடுவதாக நினைத்திருப்பீர்கள், படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாக இருக்கும். தப்பு நிறத்தில் இல்லை, எல்லாமே ஒரே அழுத்தத்தில் இருப்பதில்தான்.

ஒரு புகாருக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். அளவு வேண்டாம் என்றவர் கடைசியில் எல் ஸ்கேலை எடுத்துவந்து நான்கு ஓரத்தையும் நேர்செய்தாரே, அது என்ன நியாயம் என்று ஒரு உறுப்பினர் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார். கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டிய ஓரம் இழுபடும். மெத்தைமேல் விரித்தால் யாருக்கும் தெரியாது. சுவரில் தொங்கவிட்டால் அலை அடிக்கும். உள்ளே எப்படி வேண்டுமானாலும் போகட்டும், ஓரம் நேராக விழவேண்டும். கழுத்துப்பட்டி கோணிய சட்டையை நான் கம்பெனியிலேயே விட்டதில்லை.

இன்னொரு பேச்சு, இது வெளிநாட்டுப் பைத்தியம் என்பது. 2002-ல் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற ஆற்றங்கரை ஊர்ப் பெண்களின் குவில்ட்டுகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தின் சுவரில் ஏறின, அப்புறம் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்துக்கும் போயின. 2006-ல் அந்த நாட்டுத் தபால்துறை அவற்றைத் தபால்தலையாகவே வெளியிட்டது. அந்தப் பெண்கள் யார்? பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள். எதில் தைத்தார்கள்? நைந்த வேலைத்துணியில். சியர்ஸ் கம்பெனிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்து, மிஞ்சிய கார்டுராய் வெட்டுத்துணியிலும் தைத்தார்கள். எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கடைகளும் தையல் கடைகளும் தள்ளும் பிட்டுகளைப் பொறுக்கும் நமக்கு இதில் என்ன வெளிநாடு இருக்கிறது?

அதுவும் தூரம் என்றால் பக்கத்துக் கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவாந்திப் போர்வை இருக்கிறது. ஓரத்தில் தொடங்கி, பழந்துணித் துண்டுகளை வைத்து வைத்து, கையால் நூல் ஓட்டிக்கொண்டே நடுவுக்கு வந்து சேர்வார்கள். முன்கூட்டி வரைந்த படம் எதுவும் கிடையாது. நான்கு மூலையிலும் மடித்துத் தைத்த ஒரு முக்கோணம் இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. நம் வீடுகளில் மட்டும் என்ன, கிழிந்த புடவையை நாலாக மடித்துக் குழந்தைக்குத் தைத்துப் போடாத பாட்டி உண்டா?

சரி, நான் தைத்த "காக்கி" என்ற குவில்ட்டுக்கு வருகிறேன். இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லும்படி தலைவர் அம்மா கேட்டுக்கொண்டார். முயல்கிறேன்.

பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் பிறந்தவர்களுக்கு பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில்லைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னி கம்பெனியின் காக்கி அங்கே நெய்தது. 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்த மில், 1996-ல் மூடிய மில். அந்தத் துணி இன்னும் நம் தெருக்களில் பரண்மேல் கிடக்கிறது. சங்கத்தின் பெயரில் ஒரு நோட்டீஸ் அடித்துப் பழைய காக்கி கேட்டேன். மில் தொழிலாளி வீடு, ஆட்டோ டிரைவர் வீடு, ரிட்டயர்டு கண்டக்டர், தபால்காரர், ஈ.பி. லைன்மேன், பையனுடைய கார்ப்பரேஷன் பள்ளி அரைக்கால் சட்டை என்று வந்து குவிந்தது. காக்கி ஒரே நிறம் என்று நினைப்பவர்கள் அந்தக் குவியலைப் பார்த்திருக்க வேண்டும். மண், புல், சந்தனம், துரு, எல்லாம் அதில் இருந்தது.

இதில் நான் தேடிப்போகாமலே கிடைத்தது பாக்கெட். சட்டையில் இருந்து பாக்கெட்டைப் பிரித்தால் அடியில் துணி வெளுக்காமல் அப்படியே கருத்து நிற்கும். தோளிலும் பட்டை இருந்த இடத்தில் அதேபோல் ஒரு கருமை. அந்த நிழல்களை வெட்டித் தள்ளாமல் நடுவில் வரும்படி வைத்துத்தான் முழு வேலையும் போனது. எந்தத் துண்டு எங்கே போகும் என்று எனக்கு முதலில் தெரியாது. சுவரில் பழைய ஃபிளானல் போர்வையை ஆணியடித்து, துண்டுகளை அதில் ஒட்டி ஒட்டிப் பார்த்தேன். ஃபிளானலில் பருத்தித் துணி பின் இல்லாமலே பற்றிக்கொள்ளும். பின் குத்தி வைத்தால் நம் கடற்காற்றுக்குச் சில நாளிலேயே துருக்கறை ஏறிவிடும், இதைக் காசிமேட்டு உறுப்பினர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காக்கி டிரில் தடித்த துணி. தையல்கள் சந்திக்கும் இடத்தில் மடிப்புமேல் மடிப்பு ஏறி 16-ம் நம்பர் ஊசியும் முறிந்தது. தையலை ஒரு பக்கமாகச் சாய்க்காமல் இரண்டாகப் பிரித்து அயர்ன் செய்து, மேட்டை மரச்சுத்தியலால் தட்டிய பிறகே மெஷின் ஓடியது. நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சு அட்டை எதற்கு என்று நடுவில் பழைய வேட்டியைக் கொடுத்தேன். மேலே நூல் ஓட்டியது முழுக்கக் கையால், துண்டுகளின் விளிம்பைப் பின்தொடராமல் குறுக்கே. முடிந்தபோது 9 அடி உயரம், 14 அடி அகலம். இது செயலாளரின் சொந்த வேலை, சங்கத்தின் வேலை இல்லை என்று ஒரு கருத்து உலவுகிறது. நோட்டீஸ் சங்கத்துடையது, துணி இந்த ஊருடையது. நூல் மட்டும் என்னுடையது, அதற்கான ரசீதைக்கூட நான் பொருளாளரிடம் நீட்டவில்லை.

இடத்துக்கு நாங்கள் பட்ட பாடு தனி. நகரத்தில் ஒரு காட்சிக்கூடத்தில் படங்களைக் காட்டினோம். "இது கைவினை, ஏதாவது மேளாவில் ஸ்டால் போடுங்கள்" என்றார்கள். சென்ட்ரலுக்கு வடக்கே நமக்கென்று ஒரு சுவர் கிடைக்கவில்லை. கடைசியில் தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை, முகூர்த்தம் இல்லாத மார்கழியில் பிடித்தோம். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று நிபந்தனை. பந்தல்காரர் சவுக்குக் கம்பு நட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு குவில்ட்டின் பின்பக்கமும் மேலோரத்தில் 4 இஞ்ச் அகலத் துணிக்குழாய் தைத்து, அதில் அலுமினியக் குழாய் செருகித் தொங்கவிட்டோம். கிளிப் மாட்டிய இரண்டு குவில்ட்டுகள் முதல் நாளே கிளிப் இடத்தில் இழுத்துக்கொண்டு தொங்கின. அவற்றை மாட்டியவர்கள் குழாய் தைக்கும் வகுப்புக்கு வராதவர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

மாட்டும் வேலைக்கு ஆள் வேண்டும் என்று குழுவில் போட்டதற்கு 41 கட்டைவிரல் விழுந்தது. வந்தவர்கள் 7 பேர். அதில் இருவர் உறுப்பினர்களே இல்லை, ஒரு உறுப்பினரின் தம்பியும் அவர் நண்பரும். திறப்பு நாளன்று போட்டோ எடுக்கும் நேரத்தில் மட்டும் மேடை கொள்ளவில்லை.

வந்த பார்வையாளர்கள் கேட்டது பெரும்பாலும் மூன்று கேள்வி. சிங்கிளா டபுளா, மெஷினில் துவைக்கலாமா, என்ன விலை. நான் சலிக்காமல் பதில் சொன்னேன் என்பதற்குத் தலைவர் அம்மாவே சாட்சி. அரசு கவின் கலைக் கல்லூரி மாணவர் இருவர் மட்டும் "காக்கி" முன்னால் தரையில் உட்கார்ந்து, கைத்தையல் ஏன் துண்டுகளுக்குக் குறுக்கே போகிறது என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்காக மண்டப வாடகை கொடுக்கலாம். காசிமேட்டு மூத்த உறுப்பினர், கணவரின் லுங்கிகளில் தைத்ததற்கு 40,000 ரூபாய் என்று தாமே எழுதி மாட்டினார். பாதிக்குக் கேட்டவரிடம், "அப்போ பாதி வெட்டித் தரட்டா?" என்றார். விற்கவில்லை. விலையையும் இறக்கவில்லை. அது சரியான முடிவு. விற்றது ஒரே ஒரு சிறிய துண்டு, ஒரு டாக்டர் கிளினிக் சுவருக்கு வாங்கிப்போனார்.

கூடத்துக்கு வெளியே பைகளும் தலையணை உறைகளும் விற்ற ஸ்டால் நன்றாகப் போனது.

அதை வைத்து, அடுத்த ஆண்டு ஸ்டால் மட்டும் போதுமே என்று பொருளாளர் அக்கா சொல்கிறார். 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தார் பாத்திக் துணி விற்றுத்தானே காலூன்றினார்கள் என்று ஆதாரமும் காட்டுகிறார். உண்மைதான், மறுக்கவில்லை. பாத்திக் விற்றது படம் வரைய. படத்தை நிறுத்திவிட்டுப் பாத்திக் மட்டும் விற்றிருந்தால் இன்று அக்கா அவர்களை உதாரணம் காட்டமாட்டார்.

கணக்கு. வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. கண்காட்சியில் கொஞ்சம் கூடிப்போனதை ஸ்டால் வரவு ஈடு செய்தது, மீதியைச் சென்ற ஆண்டு இருப்பில் இருந்து எடுத்தோம். விவரம் வேண்டியவர்கள் பொருளாளரிடம் பேரேட்டைப் பார்க்கலாம், ஆடிட்டரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சந்தா ஆண்டுக்கு 600 ரூபாய், மாதத்துக்கு 50. பாதிக்கும் மேற்பட்டவர்கள் கட்டவில்லை. இரண்டு ஆண்டாகக் கட்டாதவர்களில் மூவர் செயற்குழுவிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லும் வழக்கம் நமக்கு இல்லை, அவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தலைவர் அம்மா, பொருளாளர் அக்கா, பந்தல்காரர், மண்டபத்து வாட்ச்மேன், பிட்டுத் துணியைக் கிலோ விலை போடாமல் அள்ளிக் கொடுத்த பழைய வண்ணாரப்பேட்டை தையல்காரர்கள், காக்கி கொடுத்த வீட்டார், அந்த ஏழு பேர்.

அடுத்த ஆண்டைப் பற்றி. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஏதென்ஸ் ஊரில் 1979 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் குவில்ட் நேஷனல் கண்காட்சிக்கு நம் சங்கத்தில் இருந்து மூன்று பேராவது விண்ணப்பிக்க வேண்டும். அங்கே நடுவர்கள் முதலில் படத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே நல்ல படம் வேண்டும். நல்ல படத்துக்குச் சுளிவில்லாமல் தொங்கவிட ஒரு சுவர் வேண்டும். இப்போது குவில்ட்டுகள் எல்லாம் பி.வி.சி. குழாயில் சுருட்டி, வேட்டி சுற்றி, என் வீட்டு ஹாலில் நிற்கின்றன. மடித்து வைத்தால் மடிப்பு விழும், வேறு வழியில்லை. என் மனைவி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்த மாதம் பெண் பார்க்க வந்தவர்கள் குழாய்களைத் தாண்டித்தான் சோபாவுக்குப் போனார்கள்.

சங்கத்துக்கு வாடகை கொடுக்கும் நிலை இல்லை, மின் கட்டணம் கொடுத்துவிடலாம். பத்தடி உயரச் சுவர் உள்ள ஒரு மாடி அறை போதும். நம் உறுப்பினர் ஒருவர் வீட்டு மாடியில் டூ-லெட் பலகை தீபாவளியில் இருந்து தொங்குகிறது. மெட்ரோவில் போகும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது, வேறொன்றும் இல்லை.

புதிய செயலாளராக யாராவது முன்வந்தால் சாவி, ரசீதுக் கட்டு, குழாய்கள் அனைத்தையும் இன்றே ஒப்படைக்கத் தயார். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன், யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவேளை நானே தொடர வேண்டும் என்று பொதுக்குழு விரும்பினால், "காக்கி"யின் இரண்டாம் பகுதிக்குப் போலீஸ் காக்கி போதவில்லை என்பதை இப்போதே தெரிவித்துவிடுகிறேன்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். டீயும் சமோசாவும் வாசல் பக்கம் வைத்திருக்கிறோம். ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் அக்காவும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்