எங்கள் அம்மாவின் பெயரை எடுத்துவிடுங்கள்

கோத்தகிரியில் ஜூலை நினைவுக் கூட்டம் நடத்தும் பெரியவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நீங்கள் கொடுத்துவிட்டுப் போன அழைப்பிதழில் அம்மாவின் பெயருக்கு நேரே ‘மன்னிப்பு உரை’ என்று அச்சிட்டிருக்கிறது. கூடவே ஒரு தாள். “எனக்குத் தீங்கு செய்த அனைவரையும் மனதார மன்னிக்கிறேன்” என்று டைப் அடித்து, கீழே கைநாட்டு வைக்கக் கட்டமும் போட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதையாவது கேட்டிருக்கலாம்.

அம்மாவின் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதுளை டவுன் எரிந்தது ஜூலை 27ஆம் தேதி. அங்கே ஒரு கடையில் வேலைக்கு நின்ற என் மாமா வீடு திரும்பவில்லை. வயது 19. கடை வாசலிலேயே டயர் போட்டுக் கொளுத்தியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அதற்கப்புறம்தான் அம்மா தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்து சேர்ந்தார். இன்றைக்கும் மார்கழிக் குளிரில் லயத்து வரிசை வீட்டுப் பையன்கள் டயர் கொளுத்திக் குளிர்காய்ந்தால், எழுந்து போய்க் கதவைச் சாத்துவார். கதவடிச் சந்தில் பழைய புடவையைத் திணிப்பார். அன்று சோறு இறங்காது. யாரையும் திட்ட மாட்டார். பையன்களுக்கு இதுவரை காரணம் தெரியாது.

உங்கள் தாளை வாசித்துக் காட்டினேன். “யாரு மன்னிப்புக் கேட்டா?” என்றார். 2004இல் இலங்கை ஜனாதிபதி சந்திரிகா கேட்டாரே என்றேன். “அந்தம்மாவா கொளுத்துச்சு?” கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “எங்க காம்பராவ (லயத்து வீட்ட) எரிச்சத நா எப்பவோ விட்டுட்டேன். தம்பி உசுர நா எப்படி விடுறது? அது என்னோடதா?”

தன் நஷ்டத்தை ஒருவர் தள்ளுபடி செய்யலாம். செத்தவன் கணக்கைத் தள்ளுபடி செய்ய யாருக்கு உரிமை? யாழ்ப்பாணத்து மிருசுவிலில் குழந்தைகள் உட்பட 8 தமிழர்களைக் கொன்ற வழக்கில் 2015இல் மரண தண்டனை பெற்ற சிப்பாயை, 2020 மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ஒரே கையெழுத்தில் வெளியே விட்டார். அதற்கும் மன்னிப்பு என்றுதான் பெயர்.

பெருந்தன்மை காட்டும் வேலை மட்டும் எப்போதும் எங்கள் தலையிலேயே விழுகிறது. சாதிச் சான்றிதழுக்கு அலையும்போது நாங்கள் ‘சிலோன்காரங்க’. மேடைக்கு ஆள் வேண்டுமென்றால் ‘தாயகம் திரும்பிய சொந்தங்கள்’. 1964 ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் பங்கு போட்டபோதும் எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, அது வேறு கதை.

உங்கள் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அம்மாவை இரண்டு ராத்திரி தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்துச் சோறு போட்ட சிங்களப் பெண் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிப் பேசக் கூப்பிடுங்கள், அம்மா சந்தோஷமாக வருவார். மன்னிப்பு உரையிலிருந்து மட்டும் தயவுசெய்து பெயரை எடுத்துவிடுங்கள். அழைப்பிதழ் எல்லாம் அச்சாகிவிட்டதே என்றால், பெயரின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டலாம். பசை வாங்கிக்கொண்டு நானே வருகிறேன்.

அந்தத் தாளை, கட்டம் காலியாகவே, இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கொழுந்து பறித்து ஓய்ந்த ஓர் அம்மாவின் மகன்