காந்தம் ஒட்டினால் மட்டும் விண்கல் ஆகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் உழவு ஓட்டும்போது கிடைத்த கரிய கல்லைப் பள்ளி அறிவியல் கண்காட்சியில் வைத்திருக்கும் செய்தியைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். மாணவர்கள் வரிசையில் நின்று அதன் மேல் காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் படமும், காந்தம் ஒட்டுவதால் அது விண்கல் என்பது உறுதி என்ற வரியும் அதில் இருந்தன. கோவையில் வார்ப்பட ஆலை ஒன்றின் உலோக ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளின் ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்தாலும், அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

காந்தம் ஒட்டும் கற்களுக்குக் கொங்கு மண்ணில் பஞ்சமே இல்லை. சேலம் கஞ்சமலைப் பாறையில் மாக்னடைட் என்னும் காந்தத் தாது வரிவரியாக ஓடுகிறது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில், பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளும் அவற்றின் கசடும் அகழாய்வில் வெளிப்பட்டுள்ளன. நம் காலத்துப் பவுண்டரிகளின் கிட்டமும், அதில் சிக்கிய இரும்புத் துணுக்குகளும் பள்ளம் நிரப்பும் மண்ணோடு எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கின்றன. இவற்றில் பலவும் காந்தத்தில் ஒட்டும்; இவற்றில் ஒன்றுகூட வானத்திலிருந்து விழுந்ததில்லை.

மறுபக்கம், உண்மையான விண்கல்லே காந்தத்தைச் சரியாக இழுக்காமல் போவதும் உண்டு. பூமியில் விழும் கற்களில் பெரும்பாலானவை சாதாரணக் காண்ட்ரைட்டுகள் எனப்படும் கல்வகை விண்கற்கள். அவற்றின் எச் வகையில் எடையில் 15 முதல் 20 விழுக்காடு வரை நிக்கல் கலந்த இரும்பு உலோகமாகவே இருக்கும், எல் வகையில் அது ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும், எல்.எல். வகையிலோ அதைவிடவும் குறைவு. நமக்கு அண்டையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் 2008 செப்டம்பர் 12 அன்று விழுந்த, மொத்தம் சுமார் 110 கிலோ எடையுள்ள விண்கல் இந்த எல்.எல். வகையைச் சேர்ந்ததுதான். 1865-இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த செவ்வாய்க் கிரகத்துக் கல்லில் உலோக இரும்பு இல்லை என்றே சொல்லலாம். காந்தத்தை மட்டும் நம்பினால் கஞ்சமலைக் கல்லை வீட்டுக்கு எடுத்து வந்து, சூளகிரிக் கல்லை வரப்பில் வீசிவிடுவோம்.

விண்கல்லில் உள்ள அந்த இரும்பு உலோகத்தில் பார்க்க வேண்டியது அது எப்படிப்பட்டது என்பதை. நிலவியல் படித்த நண்பர் ஒருவர் கொண்டுவந்த காண்ட்ரைட் சில்லு ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் மெருகேற்றி, வார்ப்பிரும்புக்குப் பயன்படுத்தும் அதே நைட்டால் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த) கரைசலில் தோய்த்து நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். சாம்பல் நிறக் கல்லுக்கு நடுவே வெள்ளி போன்ற உலோக மணிகளும், அவற்றை ஒட்டி வெண்கல நிறத் திட்டுகளும் தெரிந்தன. வார்ப்பிரும்பில் வழக்கமாகத் தென்படும் கிராஃபைட் இழைகள் மருந்துக்கும் இல்லை. நிக்கல் 5 முதல் 7 விழுக்காடு வரை உள்ள காமசைட் என்ற இரும்பு-நிக்கல் கலவை ஒரே சீராக மங்கியிருந்தது. நிக்கல் 20 விழுக்காட்டுக்கு மேல் உள்ள டேனைட் மணிகளின் உட்பகுதி கருத்திருக்க, விளிம்பு மட்டும் பளிச்சென்று நின்றது.

அந்த விளிம்பு எப்படி வந்தது என்பதுதான் என்னை இன்றளவும் வியக்க வைக்கிறது. இக்கல் உடைந்து வந்த சிறுகோளின் உள்ளே, அது குளிரக் குளிரக் காமசைட் வளர்ந்து, தான் ஏற்க முடியாத நிக்கலை டேனைட்டுக்குள் தள்ளுகிறது. குளிர் கூடும்போது நிக்கல் அணுக்களால் மணியின் நடுப்பகுதி வரை நகர முடியாமல் ஓரத்திலேயே தேங்கிவிடுகின்றன. நாங்கள் வார்ப்பைச் சில மணி நேரத்தில் ஆறவிடுவோம். இக்கற்களோ பத்து லட்சம் ஆண்டுக்குச் சில டிகிரி, சிலவற்றில் சில நூறு டிகிரி என்ற கணக்கில் ஆறியவை. வெப்பம் ஏறத்தாழ 320 டிகிரிக்குக் கீழே இறங்கியபின், இரும்பும் நிக்கலும் ஏறக்குறைய சரிபாதியாக உள்ள அந்த விளிம்பில் அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்குபட்டு டெட்ராடேனைட் என்ற கனிமம் உருவாகிறது.

வெண்கல நிறத் திட்டு ட்ராய்லைட், அதாவது இரும்புச் சல்பைடு. 1766-இல் இத்தாலியின் அல்பரெத்தோவில் விழுந்த கல்லை ஆராய்ந்து எழுதிய தொமேனிகோ ட்ரோய்லி என்ற பாதிரியாரின் பெயரால் அது அறியப்படுகிறது. பவுண்டரியில் கந்தகத்தைக் கட்டுப்படுத்த மாங்கனீசு சேர்ப்போம். கந்தகம் அதோடு போய்ச் சேரும். சாதாரணக் காண்ட்ரைட்டில் கந்தகம் இரும்போடு சேர்ந்து ட்ராய்லைட்டாகவே நிற்கிறது. இது காந்தத்தில் ஒட்டாது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பள்ளி அளவில் செய்யக்கூடியவை எளியவை. உடைந்த முகம் இருந்தால் கைலென்ஸில் பாருங்கள்: காற்றுக் குமிழிகளின் ஓட்டைகள் நிறைந்திருந்தால் அது பெரும்பாலும் கசடு. டைல்ஸின் மெருகில்லாத பின்புறத்தில் ஓர் ஓரத்தைத் தேய்த்தால் மாக்னடைட் கருங்கோடு இழுக்கும். புதிதாக விழுந்த காண்ட்ரைட் கோடு விடுவது அரிது. அதற்கு மேல் ஐயம் இருந்தால், உலோக மணியில் நிக்கலும் சிறிது கோபால்ட்டும் இருந்து, மாங்கனீசும் குரோமியமும் இல்லாதிருக்கின்றனவா என்பதை ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். நிக்கல் மட்டும் போதாது; துருப்பிடிக்காத எஃகிலும் அது உண்டு.

இனி, நான் முக்கியமாகக் கருதுவதைச் சொல்லிவிடுகிறேன். ஒருவேளை அது உண்மையான விண்கல்லாகவே இருந்தால், நாம் ஒட்டிப் பார்க்கும் காந்தமே அதற்குக் கேடு. விண்கற்களின் காந்தக் கனிமங்கள், தாம் உருவான காலத்தில் சுற்றியிருந்த காந்தப்புலத்தின் தடயத்தைக் காத்து வைத்திருக்கின்றன. கடையில் கிடைக்கும் நியோடைமியம் காந்தத்தின் புலம் பூமியின் புலத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு வலிமையானது. ஒரு முறை தொட்டாலே அத்தடயம் அழிந்துபோகலாம். ‘கரிய அழகி’ எனப்படும் வடமேற்கு ஆப்பிரிக்கா 7034 என்ற செவ்வாய்க் கல்லின் துண்டுகளில் பழங்காலப் பதிவு இப்படித்தான் அழிந்துபோயிருந்தது என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023-இல் எழுதினார்கள். காந்த ஏற்புத்திறனை, அதாவது கல் எவ்வளவு எளிதில் காந்தமாகும் என்பதை, அளக்கும் கருவி கல்லுக்குத் தீங்கு செய்யாது; அதற்குப் பல்கலைக்கழக நிலவியல் துறைகளை அணுகலாம். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் அத்துறை இருக்கிறது.

தண்ணீரும் ஆகாது. கிடைத்ததைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைப்பது நம் பக்கத்து வழக்கம். அந்தப் பக்தியை மதிக்கிறேன். ஆனால் ஈரம் பட்டால் முதலில் துருவாகக் கரைவது காமசைட்தான். உலர்ந்த இடத்தில், சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி வைத்துவிட்டு, இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு (ஜி.எஸ்.ஐ.) தெரிவிப்பதே முறை. நாட்டில் கிடைக்கும் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு அத்துறையுடையது.

கண்காட்சி முடியும் வரையிலாவது காந்தத்தை அப்புறம் வைக்கும்படி அப்பள்ளி ஆசிரியர்களிடம் தாங்கள் சொல்ல வேண்டும். அடுத்த இதழில், கல்லின் உடைந்த முகத்தை அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, வெயில் வெளிச்சத்தில் நெருக்கமாக எடுத்த படத்தை வெளியிடுங்கள். உலோக மணி இருக்கிறதா, குமிழி இருக்கிறதா என்பதைத் தங்கள் வாசகர்களில் விவரம் அறிந்தவர்கள் பார்த்து எழுதுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்